அச்சத்தின் நான்கு நிலைக்களன்களும் ஓர் அமெரிக்கத் திரைப்படமும்

1. தோற்றுவாய்

திரைப்படம் இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகுமா என்னும் வினா நம் துறைகளில் இன்றும் அவ்வப்போது எழுவதுண்டு. இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துக்கொண்ட மரபில் வந்த நமக்கு அவ்வினா பெருந்தடையாதல் வேண்டுவதில்லை. ஆயினும், பிணங்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்னும் கதையொன்றை, அதுவும் சிறு முதலில், பெரு நிறுவனங்களின் சார்பின்றி எடுக்கப்பட்ட படமொன்றை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். எடுத்துக்கொண்டமை தக்கதே என்பதைக் கட்டுரையே காட்டுதல் வேண்டும்.

நாம் ஆராயும் படம் 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்பதாகும். தமிழில் 'உயிர்த்தெழுந்த பிணங்களின் இரவு' எனலாம். இதனை இயக்கியவர் ஜார்ஜ் ரொமேரோ (1940-2017). திரைக்கதையை அவரும் ஜான் ரூசோவும் இணைந்து எழுதினர். இப்படத்தின் தலைவனாகிய பென் என்பவன் கறுப்பினத்தவன். இரவு முழுதும் பிணங்களோடு போராடிப் பிழைத்த அவனைப் பொழுது விடிந்தபின் வெள்ளையர் கூட்டமொன்று சுட்டுக் கொல்கிறது. ஆதலின் இஃது அமெரிக்க இனவேற்றுமையைக் கடிந்துரைக்கும் படம் என்பது திறனாய்வாளர் பலரின் துணிபு. ரொமேரோவோ, டுவேன் ஜோன்ஸ் என்னும் நடிகரை நிறம் கருதித் தாம் தேர்ந்தெடுக்கவில்லை என்றும், நடித்துக் காட்ட வந்தவருள் அவரே சிறந்து விளங்கினார் என்றும் பன்முறை கூறியுள்ளார். படைத்தவர் கருதாத பொருளைப் படைப்பின்மேல் ஏற்றுதல் முறையாகுமா? அன்றி, அப்பொருள் படைப்பினுள்ளேயே அமைந்து கிடப்பதொன்றா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு நாம் கொள்ளும் அளவுகோல் மெய்ப்பாட்டியலில் உள்ளது. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சத்திற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. கண்ணுக்குப் புலனாகாது நின்று வருத்துவது அணங்கு. அறிவின்றிப் பசியாலும் சினத்தாலும் தாக்குவது விலங்கு. நம்மோடொத்த மனிதராயிருந்தும் நம் உடைமையைக் கவர்வார் கள்வர். நம்மை ஆளும் நிலையில் இருப்பார் இறை. இந்நான்கனுள் முதலதற்கும் இறுதியதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. அணங்கின் அச்சம் மனிதர்க்கு அப்பாற்பட்டது. இறையின் அச்சமோ மனிதர் தாமே வகுத்துக்கொண்ட ஒழுங்கிலிருந்து பிறப்பது. இப்படம் முதல் நிலையில் தொடங்கி, இடைநிலைகளைக் கடந்து, இறுதி நிலையில் சென்று முடிகின்றது என்பது நம் கருத்து. அதன் சமுதாயப் பொருள் இவ்வமைப்பிலேயே உள்ளது.

2. ஜோம்பி என்னும் கருத்தின் வரலாறு

இறந்தும் இறவாது நடமாடும் உடலைக் குறிக்கும் 'ஜோம்பி' என்னும் சொல்லும் கருத்தும் கரீபியக் கடலிலுள்ள ஹெயிட்டி நாட்டு மக்களின் நம்பிக்கையில் வேர்கொண்டவை. அந்நாடு முன்னர்ப் பிரெஞ்சுக்காரர்க்கு உரிய கரும்புத் தோட்டக் குடியேற்றமாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பால் அது செல்வம் கொழித்தது. அவ்வடிமைகள் எழுச்சி செய்து, 1804-இல் தம் நாட்டை விடுதலை பெற்ற நாடாக்கினர். அம்மக்களின் நம்பிக்கையில் ஜோம்பி என்பது பிறரைத் தாக்கும் பொருளன்று. இறந்தபின்னும் உடல் எழுப்பப்பட்டு, தன் அறிவும் விருப்பும் அற்று, வேறொருவனுக்காக ஓயாது உழைக்கும் பொருளாகும். வாழ்நாள் முழுதும் அடிமைப்பட்டவனுக்குச் சாவே விடுதலை. அவ்விடுதலையும் வாய்க்காமற் போகுமோ என்பதே அக்கருத்தின் உள்ளே நிற்கும் அச்சம். ஜோம்பியைக் கண்டு அஞ்சுவதினும் ஜோம்பியாக்கப்படுவதற்கே அவர்கள் பெரிதும் அஞ்சினர். எனவே தொடக்கத்தில் இஃது இறை பற்றிப் பிறந்த அச்சம் என்க.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹெயிட்டியைத் தன் ஆட்சிக்குள் வைத்திருந்தது. அக்காலத்தே வில்லியம் சீபுரூக் என்பவர் 1929-இல் வெளியிட்ட பயணநூலின் வாயிலாக ஜோம்பிச் செய்தி அமெரிக்கரிடையே பரவியது. 1932-இல் விக்டர் ஹால்பெரின் 'ஒயிட் ஜோம்பி' என்னும் படத்தை இயக்கினார். அதில் கரும்பாலை ஒன்றில் ஜோம்பிகள் உழைக்கும் காட்சி உண்டு. ஒருவன் கால் தவறி ஆலைக்குள் விழுகின்றான். ஏனையோர் திரும்பியும் பாராது தம் பணியைத் தொடர்கின்றனர். பழைய அடிமை வாழ்வின் சுவடு அக்காட்சியில் தெளிவாகத் தெரிகின்றது. ஆயினும் படத்தின் பெரும்பகுதி வெள்ளை மங்கையொருத்தி மந்திரவாதியின் பிடியிற் சிக்கிய கதையாகவே செல்கின்றது. இங்ஙனம் இறை பற்றிய அச்சம் அணங்கு பற்றிய அச்சமாகத் திரிந்தது. உடைமையாளன் மறைந்து மந்திரவாதி முன்னிற்பானாயினன்.

ரொமேரோவின் படத்தில் ஜோம்பி என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. அவருக்குத் தூண்டுகோலாக இருந்தது ஹெயிட்டிச் செய்தியன்று. ரிச்சர்டு மாதிசன் 1954-இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' என்னும் புதினமே. அவர் காட்டும் பிணங்களுக்கு ஆள்வோன் இல்லை. அவற்றை ஏவும் மந்திரமும் இல்லை. ஆயினும் உலகம் அவற்றை ஜோம்பி என்றே வழங்கலாயிற்று. வழக்கு இங்ஙனம் அமைந்தது பொருத்தமே என்பது பின்னர் விளங்கும்.

3. பொருட்குறையும் கலையமைதியும்

பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துவந்த இளைஞர் சிலரும் அவர்தம் நண்பரும் பதின்மர் கூடி, 'இமேஜ் டென்' என்னும் சிறு நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். ஒவ்வொருவரும் முதலில் இட்ட தொகை 600 டாலர். படம் முடிவுறும்போது செலவு ஏறத்தாழ 1,14,000 டாலராயிற்று. அமெரிக்கத் திரைத்துறையின் அளவில் இது மிகச் சிறு தொகை. இவான்ஸ் சிட்டி என்னும் சிற்றூரின் இடுகாடும், இடிக்கப்படவிருந்த பண்ணை வீடொன்றும் படப்பிடிப்புக் களங்களாயின. பணம் இட்டவருள் சிலரே நடிகருமாயினர். இசையும் புதிதாக அமைக்கப்பட்டதன்று. முன்னரே பதிவு செய்து வைக்கப்பட்டிருந்த பொது இசைத்தொகுப்பினின்றும் எடுக்கப்பட்டது. குருதிக்குப் பயன்பட்டது சாக்கலேட்டுப் பாகு.

வறுமையைப் பாராட்டுதல் திறனாய்வாளன் தொழிலன்று. குறைந்த முதலில் எடுக்கப்பட்ட படம் அதனாலேயே சிறப்புடையதாகிவிடாது. இப்படத்தில் குறைகள் கலைக்கூறுகளாக மாறியுள்ளனவா என்பதே வினா. மூன்று சான்றுகள் காட்டலாம்.

ஒன்று, நிறமின்மை. வண்ணப்படம் பெருவழக்காகிவிட்ட காலத்தில் இது கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. அக்கால அமெரிக்கர் பலர் தொலைக்காட்சிச் செய்திகளைக் கண்டதும் கறுப்பு வெள்ளையிலேயே. ஆதலின் படம் கட்டுக்கதையின் தோற்றம் நீங்கிச் செய்தியின் தோற்றம் பெறுகின்றது. 1967-இல் நியூவார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் நிகழ்ந்த இனக்கலவரங்களையும் வியட்நாம் போரையும் திரையிற் கண்டு பழகிய கண்களுக்கு அத்தோற்றம் எத்தகையதாய் இருந்திருக்கும் என்பது எண்ணத்தக்கது.

இரண்டு, களச்சுருக்கம். கதை பெரும்பாலும் ஒரே வீட்டினுள் நிகழ்கின்றது. வெளியே நிகழ்வனவற்றை வீட்டிலிருப்போர் வானொலியாலும் தொலைக்காட்சியாலுமே அறிகின்றனர். அரசின் அறிஞரும் படைத்தலைவரும் வாசிங்டனில் தம்முள் மாறுபட்டுப் பேசிச் செல்லும் காட்சி அத்தொலைக்காட்சியில் வருகின்றது. ஆள்வோர் முதலில் சொல்லாகவே வருகின்றனர். உருவாக வருவது பிற்பாடுதான்.

மூன்று, இறுதியிலுள்ள நிழற்படங்கள். இவற்றைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

படம் முடிவுற்றபின் அதனை வாங்கி வெளியிடப் பெரிய நிறுவனங்கள் முன்வரவில்லை. தலைவன் பிழைப்பதாக முடிவை மாற்றவேண்டும் என்னும் யோசனையும் எழுந்தது. படைப்பாளர் அதற்கு உடன்படவில்லை. ஈற்றில் 1968-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 1-ஆம் நாள் பிட்ஸ்பர்க்கில் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. வெளியிட்டோர் படத்தின் பழைய பெயரை மாற்றியபோது, அப்பெயரோடு இருந்த பதிப்புரிமைக் குறிப்பையும் விட்டுவிட்டனர். அக்காலச் சட்டப்படி அக்குறிப்பின்றி வெளிவந்த படைப்புப் பொதுவுடைமையாகும். அதனால் படைப்பாளர் பெரும்பொருள் இழந்தனர். படமோ எங்கும் பரவிற்று. 1999-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பட்டியலில் அது இடம் பெற்றது.

4. அச்சம் நகரும் நெறி

(அ) அணங்கு: படம் இடுகாட்டில் தொடங்குகின்றது. பார்பரா, ஜானி என்னும் உடன்பிறந்தார் இருவர் தந்தையின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்க நெடுந்தொலைவு காரில் வருகின்றனர். ஜானிக்குச் சடங்கில் நம்பிக்கையில்லை. தங்கையின் அச்சத்தைக் கண்டு நகையாடுகின்றான். தொலைவில் தள்ளாடி வரும் ஒருவனைக் காட்டி அவளை மேலும் அச்சுறுத்துகின்றான். வந்தவன் தாக்குகின்றான், ஜானி கல்லறைக் கல்லில் தலைமோதி விழுகின்றான். இடுகாடு, மாலைப்பொழுது, இடியோசை ஆகிய இவை பழைய பேய்க்கதைகளின் உறுப்புகள். நகையில் தொடங்கி அச்சத்தில் முடியும் இக்காட்சி, பேய்க்கதை மரபிற்குப் படைப்பாளர் செலுத்தும் கடன் எனலாம். அதன்பின் அணங்கிற்கு இடமில்லை. வெள்ளிக் கோளினின்று மீண்ட விண்கலத்தின் கதிரியக்கமே பிணங்கள் எழுந்தமைக்குக் காரணம் ஆகலாம் என்று தொலைக்காட்சி கூறுகின்றது. இவ்விளக்கம் வலியற்றதே, ஆயினும் தெய்வமும் மந்திரமும் இக்கதையில் இல்லை என உணர்த்த அது போதும்.

(ஆ) விலங்கு: பார்பரா ஓடிப் புகுந்த பண்ணை வீட்டைப் பிணங்கள் சூழ்கின்றன. அவை பேசுவதில்லை, தீயைக் கண்டு அஞ்சுகின்றன, மரத்தில் ஊரும் பூச்சியையும் பற்றித் தின்கின்றன. பசியொன்றே அவற்றின் இயல்பு. ஆங்கு வந்து சேரும் பென், மேசைகளையும் கதவுகளையும் உடைத்துச் சன்னல்களை அடைக்கின்றான். விலங்கை வெல்லும் வழி அறிவும் உழைப்பும் என்பதை அவன் செயல் காட்டுகின்றது. இந்நிலை நீடித்திருப்பின் இது வீரக்கதையாக முடிந்திருக்கும்.

(இ) கள்வர்: நிலவறைக் கதவு திறந்து இருவர் வெளிப்படும்போது படம் திசை திரும்புகின்றது. ஹாரி கூப்பர் தன் மனைவி ஹெலனோடும் காயமுற்ற மகளோடும் கீழே ஒளிந்திருந்தவன். டாம், ஜூடி என்னும் இளையோர் இருவரும் உடனிருந்தனர். மேலே பார்பரா அலறியபோதும் கூப்பர் வரவில்லை. நிலவறையே காவல் என்கின்றான் அவன். மேல்தளமே தக்கது என்கின்றான் பென். வாதம் முற்றி, மேல்தளம் என்னுடையது, நிலவறை உன்னுடையது என்னும் பங்கீட்டில் முடிகின்றது. வானொலி யாருக்கு, உணவு யாருக்கு என்னும் பூசலும் எழுகின்றது. அவ்வீடு இவருள் எவர்க்கும் உரியதன்று. உரியவள் மாடியில் பிணமாய்க் கிடக்கின்றாள். பிறர் வீட்டைப் பங்கிட்டுக்கொண்டு பூசலிடும் இவ்விடத்தில் கள்வர் என்னும் நிலைக்களன் முழுப்பொருள் பெறுகின்றது. துப்பாக்கி கைமாறுவதும் இப்பகுதியில்தான். பென் வெளியே உயிருக்குப் போராடுங்கால் கூப்பர் கதவைத் திறவாது நிற்கின்றான். பின்னர்த் துப்பாக்கியைக் கைப்பற்றுகின்றான். பென் அதனைப் பறித்து அவனைச் சுடுகின்றான். உறவும் இவ்வாறே சிதைகின்றது. மகள் தந்தையின் உடலைத் தின்று தாயைக் குத்திக் கொல்கின்றாள். பார்பராவைப் பற்றி இழுத்துச் செல்லும் பிணங்களுள் அவள் தமையனும் ஒருவன்.

(ஈ) இறை: எவ்விடத்தைப் பென் இகழ்ந்தானோ அந்நிலவறையே ஈற்றில் அவனைக் காக்கின்றது. பொழுது விடிகின்றது. வேட்டை நாய்களோடும் துப்பாக்கிகளோடும் ஊர்க்காவல் தலைவனும் அவன் கூட்டத்தாரும் வயல்வழியே வருகின்றனர். அவர்பால் பகையோ சினமோ இல்லை. காலைப் பணிக்குச் செல்வார்போல் உரையாடியும் காப்பி பருகியும் வருகின்றனர். நாய்க்குரல் கேட்டுப் பென் மேலேறிச் சன்னல் வழியே நோக்குகின்றான். ஒருவன் குறிவைத்து நெற்றியில் சுடுகின்றான். தலைவன் அவன் குறியைப் பாராட்டுகின்றான்.

இவ்விடத்து ஒரு நுட்பம் உண்டு. முன்னை மூன்று நிலைகளிலும் அச்சம் கதைமாந்தர்பால் இருந்தது. அவர் அஞ்சுதல் கண்டு நாமும் அஞ்சினோம். இங்கோ கதைமாந்தருள் அஞ்சுவார் எவருமிலர். சுட்டவன் அஞ்சவில்லை, பென் அஞ்சுதற்கு முன்பே மாய்ந்தான். மெய்ப்பாடு காண்போர்பால் மட்டுமே நிகழ்கின்றது. சுவைக்கப்படும் பொருளையும் சுவைப்போன் உணர்வையும் வேறு பிரித்து ஆராய்ந்த நம் உரையாசிரியர் நெறி இதனை விளக்கத் துணைசெய்யும். அதன்பின் படம் அசைவை இழக்கின்றது. செய்தித்தாளிற் காணும் புள்ளிகள் நிறைந்த நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இறைச்சிக் கொக்கிகளால் பென்னின் உடலை இழுக்கின்றனர். இடுகாட்டில் முதன்முதல் தோன்றிய பிணத்தின் அருகே அதனை இட்டு எரிக்கின்றனர். மனிதனும் பிணமும் என்னும் வேறுபாடு அவ்விறகடுக்கில் அழிகின்றது.

5. படைத்தோன் கருத்தும் படைப்பின் பொருளும்

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். உரையாடலில் ஓரிடத்தும் பென்னின் நிறம் சுட்டப்படவில்லை. கூப்பர்கூட அதனைக் கூறுவதில்லை. அஃதாயின் இனவேற்றுமை பற்றிய பொருள் எங்குள்ளது?

திரைப்படம் ஒருவர் படைப்பன்று என்பதை முதற்கண் நினைத்தல் வேண்டும். திரைக்கதையில் பென் கல்வி குறைந்த சரக்குந்து ஓட்டியாக எழுதப்பட்டிருந்தான். கல்லூரிக் கல்வியும் நாடகப் பயிற்சியும் உடைய ஜோன்ஸ் அப்பேச்சைத் தமக்கேற்ப மாற்றியமைத்தார். அதனால் அமைதியும் அறிவும் கட்டளையிடும் திறனும் உடைய ஒருவனைத் திரையிற் காண்கின்றோம். இயக்குநர் நிறத்தைக் கருதவில்லை என்பது உண்மையாகலாம். நடிகரும் கருதவில்லை என்று அதனால் துணிய இயலாது.

மேலும், காட்சிக்குத் தனக்குரிய வரலாறு உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கூட்டமாகச் சென்று கொன்று, அருகே நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டதும், அப்படங்களை அஞ்சலட்டைகளாக விற்றதும் நிகழ்ந்த செய்திகள். நாய்களோடு வரும் துப்பாக்கிக் கூட்டம், கறுப்பினத்தவன் உடல், அதனைச் சூழ்ந்து நிற்போர், தீ ஆகிய இவற்றை ஒரு சட்டத்துள் அமைத்தபின் அப்பழைய படங்கள் நினைவிற்கு வருதலைப் படைத்தோனும் தடுத்தல் இயலாது. 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். முடிவுற்ற படத்தை நியூயார்க்கிற்குக் காரில் கொண்டுசெல்லும் வழியில் அச்செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ பிற்காலத்தில் கூறியுள்ளார். படம் மாறவில்லை, அதனைக் காணும் நாடு அவ்விரவில் மாறிற்று.

ஆயினும் பென்னை இனத்தின் குறியீடாக மட்டும் கொள்வார் கூற்றையும் நாம் ஏற்கவில்லை. குறியீடாயின் அவன் குற்றமற்றவனாதல் வேண்டும். அவனோ படைக்கலம் இழந்து நின்ற கூப்பரைச் சுட்டவன். எரிநெய் கொணரும் அவன் திட்டத்தில் டாமும் ஜூடியும் மாண்டனர். நிலவறை பற்றிக் கூப்பர் கூறியதே ஈற்றில் மெய்யாயிற்று. பிழை செய்யும் உரிமையோடு ஒரு கறுப்பினத்தவனைத் தலைவனாக்கியமையே இப்படத்தின் அருஞ்செயல். நல்லவன் என்று காட்டி இரக்கம் வேண்டுவதைவிட, மனிதன் என்று காட்டுவது மேலானது. அவன் மாய்ந்தது இப்பிழைகளுக்காகவும் அன்று. அவற்றை ஆராய்ந்து எவரும் தீர்ப்பு வழங்கவில்லை. அவனை உற்று நோக்குவதற்கே எவரும் நின்றாரில்லை. உற்று நோக்காது ஆளும் இறையே அச்சத்தின் நான்காம் நிலைக்களன் என்பதைப் படம் காட்டுகின்றது.

6. குறைகள்

படத்தின் குறைகளையும் கூறுதல் கடன். பார்பரா தமையனை இழந்தபின் உணர்விழந்த பாவைபோல் ஆக்கப்படுகின்றாள். பெண்ணின் அச்சம் செயலின்மையாகவே காட்டப்படுகின்றது. ஆண்கள் இருவரின் பூசலையும் பயனற்றதென்று கூறும் தெளிவு ஹெலன் ஒருத்தியிடமே உண்டு. அவள் சொல்லுக்குக் கதையில் மதிப்பில்லை. 1990-இல் டாம் சவீனி இயக்கிய மறுபடைப்பில் பார்பரா போராடிப் பிழைப்பவளாக மாற்றப்பட்டாள். அதற்குத் திரைக்கதை எழுதியவர் ரொமேரோவே. தம் குறையைத் தாமே உணர்ந்து திருத்தினார் எனலாம். டாம், ஜூடி ஆகியோரின் உரையாடல் சுவையற்றது. இசை சிலவிடங்களில் காட்சிக்கு மிகையாக ஒலிக்கின்றது. இவை படத்தின் அடிப்படை அமைப்பைச் சிதைப்பன அல்ல.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இப்படத்தின் சமுதாயப் பொருள் ஒரு நடிகரின் நிறத்தால் மட்டும் நேர்ந்ததன்று என்பதும், அணங்கினின்று இறைவரை அச்சத்தை நகர்த்திச் செல்லும் அமைப்பில் அது முன்னரே பொதிந்திருந்தது என்பதும், ஜோன்ஸின் வருகை அவ்வமைப்பை அமெரிக்க வரலாற்றோடு பிணைத்தது என்பதும் பெறப்படும். ஹெயிட்டி அடிமைகளிடம் இறையச்சமாகப் பிறந்த ஜோம்பி, இடையில் பேய்க்கதையாய்த் திரிந்து, ரொமேரோ அறிந்தோ அறியாமலோ தன் பழைய பொருளுக்கே மீண்டது. அவர் வழங்காத பெயரை உலகம் அவர் படைப்பிற்கு வழங்கியமை பொருத்தமே என்று முன்னர்க் கூறியது இதுபற்றியே.

படைத்தோன் கருத்து ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகலாம், முடிவாகாது. பழம்பாட்டு ஒன்றன் ஆசிரியர் என்ன கருதினார் என்பதை அவர் வாய்மொழியாகக் கேட்கும் வாய்ப்பு நமக்கில்லை. சொற்கள் நிற்கும் முறையைக் கொண்டே பொருள் காண்கின்றோம். கருத்தைக் கூறும் ஆசிரியர் நம் காலத்தவர் என்பதனால் மட்டும் அம்முறையைக் கைவிடுதல் வேண்டா. பென் சன்னலருகே வந்து நிற்கும் அக்கணத்தில், துப்பாக்கியின் பின் நின்றவன் இன்னும் சிறிது பொறுத்து நோக்கியிருப்பின், தான் காண்பது ஒரு மனிதனை என்று அறிந்திருப்பான். படைப்பை நோக்குவார்க்கும் வேண்டுவது அப்பொறுமையே.